ஓவர்ஹால் செய்த ஆட்டோமேட்டிக் கியர் சரியாக மாறவில்லையா? ஏ340 கியர்பாக்ஸில் அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிப்பது

கியர்பாக்ஸைப் பிரித்துப் புதுத் தட்டு, புது சீல் எல்லாம் போட்டு ஏற்றியாகிவிட்டது. முதல் ஓட்டத்திலேயே இரண்டாவது கியருக்குப் போகிற நேரத்தில் எஞ்சின் வெறுமனே சீறுகிறது. பட்டறையில் உடனே இரண்டு பேச்சு கிளம்பும். "கொஞ்சம் ஓடட்டும், தானா செட் ஆகிவிடும்" என்பார் ஒருவர். "மறுபடி இறக்கிப் பிரி" என்பார் இன்னொருவர்.

முதல் பேச்சு ஆபத்தானது. கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருப்பது காகித வகை உராய்வுப் பொருள். வழுக்கிக்கொண்டே ஓட்டினால் அது கருகிவிடும். அதன்பின் பிரித்தால் கருகிய தட்டுதான் தெரியும், ஏன் கருகியது என்பது தெரியாது. இரண்டாவது பேச்சில் ஆபத்து இல்லை, ஆனால் பல நேரம் இரண்டு நாள் வேலை வீண். கேபிள், பிளக், சுவிட்ச், ஆயில் அளவு என்று வெளியிலிருந்தே சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று இருக்கும்போது கியர்பாக்ஸை இறக்குவானேன்?

எல்லா ஆட்டோமேட்டிக் கியருக்கும் பொதுவாக எழுதினால் எதற்கும் உதவாது. அதனால் எனக்கு நன்றாகக் கைபழகிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஐசின் தயாரித்த ஏ340 குடும்பம். ஹைலக்ஸ் சர்ஃப், 4ரன்னர், பிராடோ 90 வரிசை, பழைய சூப்ரா ஆகியவற்றில் இதுதான் வந்தது. ஜீப் செரோக்கியில் ஏடபிள்யூ4 என்ற பெயரில் இருந்ததும் இதே குடும்பம். வளைகுடாப் பட்டறைகளில் வேலை பார்த்த நம் ஆட்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். நான்கு கியர், கணினிக் கட்டுப்பாடு, கூடவே ஒரு த்ராட்டில் கேபிள்: இந்த அமைப்பை மனதில் வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பிந்தைய மாடல்களில் கேபிள் இல்லை. அவற்றுக்குக் கேபிள் பற்றிய பகுதி பொருந்தாது.

முதலில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று தெரியட்டும்

உள்ளே பத்து உறுப்புகள். சி0, சி1, சி2 என்று மூன்று கிளட்ச். பி0, பி1, பி2, பி3 என்று நான்கு பிரேக். இதில் பி1 மட்டும் பேண்ட் (சுற்றி இறுக்கும் பட்டை), மற்றவை தட்டு. எஃப்0, எஃப்1, எஃப்2 என்று மூன்று ஒருவழி கிளட்ச்: ஒரு திசையில் சுற்றவிட்டு, எதிர்த்திசையில் பிடித்துக்கொள்பவை. எந்தக் கியரில் எது பிடிக்கிறது என்பது இது:

முதல் கியர்: சி0, எஃப்0, சி1, எஃப்2. லீவர் எல்-இல் இருந்தால் கூடவே பி3.
இரண்டாவது: சி0, எஃப்0, சி1, பி2, எஃப்1. லீவர் 2-இல் இருந்தால் கூடவே பி1.
மூன்றாவது: சி0, எஃப்0, சி1, சி2. பி2-வும் பிடித்திருக்கும், ஆனால் பாரம் சுமக்காது.
ஓவர்டிரைவ் (நான்காவது): சி1, சி2, பி0. பி2 இங்கும் சும்மாதான் இருக்கும்.
ரிவர்ஸ்: சி0, எஃப்0, சி2, பி3.

இந்த ஐந்து வரியை ஒரு அட்டையில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு கியர் கெட்டிருந்தால், அதில் வேலை செய்பவர்களில் யார் யார் இன்னொரு நல்ல கியரிலும் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அடித்துவிடலாம். மிச்சம் இருப்பவர்தான் குற்றவாளி. ஓவர்ஹாலுக்குப் பிந்திய தேடல் முழுவதும் இந்தக் கழித்தல் கணக்குதான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஆயில்

ஆயிலைச் சூடான நிலையில் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்ப் பார்க்கில் நிறுத்தி, குச்சியை எடுத்துப் பாருங்கள். முழுதாகப் பிரித்த கியர்பாக்ஸில் டார்க் கன்வெர்ட்டரும் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்துவது) கூலரும் காலியாக இருக்கும். ஊற்றிய ஆயிலை அவை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் சரியாக இருந்த அளவு ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலை நுரையாக அடித்துவிடும். இரண்டிலும் அழுத்தம் விழும், இரண்டிலும் வழுக்கும். இந்தக் கியர்பாக்ஸுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை. வேறு எதையாவது ஊற்றிவிட்டு லாக்கப் (கன்வெர்ட்டரை எஞ்சினோடு நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) அதிர்கிறது என்று தேடாதீர்கள்.

பிளக்கைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள்

இந்தக் கியர்பாக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். காசு செலவில்லை, கருவி தேவையில்லை. கணினி சொன்னபடி ஆயில் பாதையைத் திறந்து மூடும் மின்வால்வுதான் சொலினாய்டு; அதற்குப் போகும் கம்பியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கணினிக்கு இனி வேலை இல்லை. லீவரும் ஆயில் அழுத்தமும் மட்டும்தான். அந்த நிலையில் எல்-இல் முதல் கியர், 2-இல் மூன்றாவது, டிரைவில் ஓவர்டிரைவ், ரிவர்ஸில் ரிவர்ஸ் வர வேண்டும். எல்-இல் கிளம்பி, மெதுவான வேகத்தில் 2-க்கும், பிறகு டிரைவுக்கும் தள்ளுங்கள். வேகமாகப் போகும்போது மட்டும் எல்-க்கு இழுத்துவிடாதீர்கள்.

நான்கும் கெட்டியாகப் பிடித்தால் சி0, சி1, சி2, பி0, பி3, பம்ப் எல்லாம் நலம். கோளாறு கம்பி, சொலினாய்டு, சென்சார், கணினி பக்கம். பிளக்கைக் கழற்றியும் அதே கோளாறு வந்தால் அது ஆயில் அழுத்தம் அல்லது உள்ளுறுப்பு. இரண்டாவது கியர் மட்டும் இந்தச் சோதனையில் வராது என்பதை மறக்க வேண்டாம். பி2-வும் எஃப்1-உம் பாரம் சுமக்கும் ஒரே கியர் அதுதான். அதை பிளக்கை மாட்டிவிட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எந்தக் கியரிலும் வண்டி அசையவில்லை

லீவரைத் தள்ளினாலும் எல்லா இடத்திலும் நியூட்ரல் மாதிரியே இருக்கிறது என்றால் வால்வ் பாடியை (ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுத் தொகுதி) மாட்டும்போது, லீவரோடு நகரும் மேனுவல் வால்வின் பள்ளத்தில் லீவரின் முனை உட்காரவில்லை. ஆயில் பாத்திரத்தை இறக்கினாலே கண்ணுக்குத் தெரியும்.

அது சரியாக இருந்து, அழுத்த மீட்டரில் ஒன்றுமே காட்டவில்லை, கூடவே ஊளைச் சத்தம் என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். டார்க் கன்வெர்ட்டர் பம்ப் பற்களில் முழுதாக உட்காரும் முன் பெல் ஹவுசிங் போல்ட்டை இழுத்து முறுக்கியிருப்பார்கள், பம்ப் உடைந்திருக்கும். கியர்பாக்ஸ் எஞ்சினோடு கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். இடைவெளி மூடாமல் போல்ட்டை முறுக்கித்தான் மூடுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்து ஃப்ளெக்ஸ் பிளேட்டில் (எஞ்சின் பக்கத் தகடு) சேர்க்கும்படி இடைவெளி இருக்க வேண்டும்.

முன்னே நன்றாகப் போகிறது, ரிவர்ஸ் இல்லை

ரிவர்ஸில் இருப்பவர்கள் சி0, எஃப்0, சி2, பி3. முன்னே முதல் கியர் பிடிப்பதால் சி0, எஃப்0 நலம். மூன்றாவது கியர் கெட்டியாகப் பிடிக்கிறதா பாருங்கள். பிடித்தால் சி2-வும் நலம். மிச்சம் பி3.

பி3-ஐ உறுதிசெய்ய இன்னொரு வழி உண்டு. எல்-இல் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஆக்சிலேட்டரை விடுங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுத்தால் பி3 வேலை செய்கிறது. இழுக்காமல் வண்டி சும்மா உருண்டால் பி3 பிடிக்கவில்லை. ஒரே ஒரு முறை காலை எடுத்தால் போதும், கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா இல்லையா என்று தெரிந்துவிடும். பி3 பிஸ்டன் ஆழத்தில் இருப்பதால் பொருத்தும்போது சீலின் உதடு மடிந்தோ வெட்டுப்பட்டோ போவது சகஜம்.

ரிவர்ஸும் இல்லை, மூன்றாவதும் வழுக்குகிறது என்றால் சி2.

டிரைவில் கிளம்பவில்லை, எல்-இல் கிளம்புகிறது

எஃப்2 தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது கெட்டுவிட்டது. எல்-இல் பி3 அதன் வேலையைச் செய்துவிடுவதால் கிளம்புகிறது. முன்பக்கமிருந்து பார்த்தால் பின் கேரியர் (பின்பக்கக் கியர்களைத் தாங்கும் சட்டம்) கடிகாரத் திசையில் தாராளமாகச் சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் இறுகிப் பிடிக்க வேண்டும். பூட்டும்போது இதைக் கையால் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் போதும். பார்க்காமல் விட்டால் மறுபடி இறக்க வேண்டும், வேறு வழியில்லை.

முதலிலிருந்து இரண்டுக்குப் போகும்போது சீறல்

பி2 அல்லது எஃப்1. லீவரை 2-இல் வைத்துப் பாருங்கள். அங்கே பி1 பேண்டும் சேர்ந்து பிடிக்கும். டிரைவில் சீறி, 2-இல் இரண்டாவது கியர் வந்துவிட்டால் பி1 தனியாகச் சமாளிக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள், அந்தப் பேண்ட் இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங்குக்காக இருப்பது, வண்டியை இழுப்பதற்காக அல்ல.

இப்போது மூன்றாவதைக் கவனியுங்கள். இரண்டாவது இல்லை, மூன்றாவதுக்குப் போனதும் யாரோ பிரேக்கை மிதித்த மாதிரி வண்டி இறுகுகிறது என்றால் எஃப்1 தலைகீழ். மூன்றாவதில் பி2 பிடித்திருக்கும், எஃப்1 நழுவிக்கொடுக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் நழுவாமல் பூட்டிக்கொள்ளும். உடனே நிறுத்திவிடுங்கள். மூன்றாவது சுகமாக இருந்து இரண்டாவது மட்டும் சீறினால் பி2 சீல், தட்டு இடைவெளி, அல்லது பி2-வின் அக்யுமுலேட்டர் (பிடிப்பை மென்மையாக்கும் அமைப்பு) பிஸ்டன்.

இரண்டிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து ஓவர்டிரைவுக்கு

2–3 சீறினால் சி2. 3–4 சீறினால் பி0. 3–4-இல் சீறாமல் இறுகினால் சி0 விடுவிக்கத் தாமதிக்கிறது, அல்லது எஃப்0 தலைகீழ். கணக்கு அதேதான், நீட்ட ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கம்ப்ரசர் காற்றைத் துளைகளில் அடித்து ஒவ்வொரு கிளட்சும் "டப்" என்று பிடிக்கிறதா என்று மேசையிலேயே பார்த்திருந்தால் இந்த இரண்டு அறிகுறியும் பெரும்பாலும் சாலைக்கு வந்திருக்காது. காற்று புஸ்ஸென்று கசிந்தால் சீல் வெட்டு.

எல்லாக் கியரும் முட்டுகிறது, அல்லது எல்லாக் கியரும் லேசாக வழுக்குகிறது

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அதிகம் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எஞ்சின் த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளைப் பலர் "கியர் மாறும் வேகத்தை மாற்றும் கேபிள்" என்று நினைக்கிறார்கள். கணினி இல்லாத பழைய கியர்பாக்ஸில் அது உண்மை. ஏ340-யின் மின்னணு வகையில் கியர் எப்போது மாறவேண்டும் என்று கணினி முடிவு செய்கிறது: த்ராட்டில் சென்சாரையும் வேக சென்சாரையும் பார்த்து. கேபிளின் வேலை ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. கியர் தாமதமாக மாறுகிறது என்று இந்தக் கேபிளைத் திருகினால் மாறும் நேரம் அப்படியே இருக்கும், அழுத்தம் மட்டும் தாறுமாறாகப் போகும். இறுக்கினால் எல்லாக் கியரும் முட்டும். தளர்த்தினால் மாற்றம் பட்டுப்போல் இருக்கும், ஓட்டுபவர் சந்தோஷப்படுவார், உள்ளே தட்டு வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும். மென்மையாக மாறுகிறது என்று வாடிக்கையாளர் பாராட்டிய வண்டி கருகிய ஆயிலோடு திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் சீல் எல்லாம் புதிது மாதிரி இருந்தது. தவறு மூடிக்கு வெளியே, ஒரு கேபிள் நட்டில் இருந்தது.

சரி, எப்படி வைப்பது? ஒருவர் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கட்டும். த்ராட்டில் வால்வு உண்மையிலேயே முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு, கேபிள் உறையின் முனைக்கும் கம்பியில் இருக்கும் தடுப்புக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 0 முதல் 1 மி.மீ. அவ்வளவுதான்.

அதன்பின் அழுத்த மீட்டரை மாட்டுங்கள். பல மாடல்களில் ஐடிலில், டிரைவில் ஒரு சதுர செ.மீ.க்கு 4 கிலோ வாக்கிலும், ரிவர்ஸில் 5 முதல் 6 கிலோ வாக்கிலும் காட்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் முடிவானது. எல்லா இடத்திலும் குறைவு என்றால் பம்ப், ஃபில்டர் கேஸ்கெட், ரெகுலேட்டர் வால்வ் சிக்கல். டிரைவில் மட்டும் குறைவு என்றால் டிரைவுக்குரிய பாதையில், பெரும்பாலும் சி1-இல், கசிவு. ரிவர்ஸில் மட்டும் குறைவு என்றால் சி2 அல்லது பி3 பாதையில் கசிவு.

ஸ்டால் டெஸ்ட் (பிரேக்கை மிதித்தபடி, கியரில் போட்டு முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும் சோதனை) பற்றிக் கேட்பீர்கள். புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸ் ஏற்கெனவே வழுக்குகிறது என்று தெரிந்தால் நான் அதைச் செய்ய மாட்டேன். ஐந்து விநாடிக்குள் புதுத் தட்டு வீணாகிவிடும். மீட்டர் சொல்வதே போதும்.

கேபிளும் அழுத்தமும் சரி, ஆனால் ஒரே ஒரு மாற்றம் மட்டும் முட்டுகிறது என்றால் அக்யுமுலேட்டர் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும். வால்வ் பாடிக்கு மேலே உள்ள அந்த ஸ்பிரிங்குகள் நீளத்திலும் நிறத்திலும் வேறுபட்டவை. கழற்றும்போது படம் எடுக்காமல் ஒரே கிண்ணத்தில் போட்டால் இதுதான் நடக்கும். வால்வ் பாடிக்குள் இருக்கும் சின்ன உருண்டைகளுக்கும் இதே எச்சரிக்கை. போல்ட்டையும் பார்த்து முறுக்குங்கள்: வால்வ் பாடியைக் கேஸோடு பிணைப்பவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான். கைபலத்தில் முறுக்கினால் அலுமினியம் நெளிந்து வால்வ் சிக்கும்.

கியர்கள் வரிசை தப்பி வருகின்றன

இது கேட்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் எளிதான கோளாறு. கணினி முதல் கியருக்கு சொலினாய்டு 1-ஐ மட்டும் இயக்கும். இரண்டாவதுக்கு 1, 2 இரண்டையும். மூன்றாவதுக்கு 2-ஐ மட்டும். ஓவர்டிரைவுக்கு இரண்டையும் அணைத்துவிடும். இதை வைத்து எல்லாம் புரிந்துகொள்ளலாம்.

சொலினாய்டு 1 செத்தால் மூன்றாவதில் கிளம்பி ஓவர்டிரைவுக்குப் போகும். கிளம்பும்போது வண்டி சோம்பலாக இருக்கும், வேகம் பிடித்த பிறகு நன்றாக ஓடும். சொலினாய்டு 2 செத்தால் முதல் கியரில் ஒழுங்காகக் கிளம்பி, நேரே ஓவர்டிரைவுக்குத் தாவும். இரண்டு கம்பியும் உள்ளே இடம் மாறி மாட்டப்பட்டிருந்தால் மூன்றாவதில் கிளம்பி, இரண்டாவதுக்கு வந்து, மூன்றாவது வரவேண்டிய இடத்தில் முதல் கியருக்கு இறங்கி எஞ்சின் அலறும், அப்புறம் ஓவர்டிரைவ். இந்த அலறலைக் கேட்டு எத்தனையோ பேர் "கிளட்ச் போச்சு" என்று பிரித்துவிடுகிறார்கள். ஆயில் பாத்திரத்தை இறக்கி இரண்டு கம்பியை மாற்றி மாட்டும் வேலை அது.

ஓம் மீட்டரில் சொலினாய்டு முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 11 முதல் 15 ஓம் வர வேண்டும். டேஷ்போர்டில் "ஓ/டி ஆஃப்" விளக்கு மினுங்கினால் கணினி குறியீடு வைத்திருக்கிறது. பழைய மாடல்களில் டி.இ.1, இ.1 முனைகளை இணைத்து மினுக்கல்களை எண்ணலாம்: 42, 61 வேக சென்சார்கள், 62 சொலினாய்டு 1, 63 சொலினாய்டு 2, 64 லாக்கப் சொலினாய்டு. ஆனால் குறியீடு இல்லை என்பதால் சொலினாய்டு நலம் என்று நினைத்துவிடாதீர்கள். கணினிக்குத் தெரிவது மின்சுற்று மட்டும். தூசி அடைத்துச் சிக்கிக்கொண்ட சொலினாய்டு அதன் கண்ணில் நல்ல சொலினாய்டுதான். கையில் எடுத்துக் காற்று அடித்துப் பாருங்கள்: மின்சாரம் இல்லாதபோது 1, 2 சொலினாய்டுகள் காற்றை விடக் கூடாது, கொடுத்ததும் விட வேண்டும்.

ஓவர்டிரைவும் லாக்கப்பும் வரவே இல்லை

பிளக்கைக் கழற்றினால் டிரைவில் ஓவர்டிரைவ் வருகிறது, மாட்டினால் வரவில்லை. அப்படியானால் கணினிதான் தடுக்கிறது. ஏன் என்று பாருங்கள். லீவரில் உள்ள ஓ/டி பட்டன், நியூட்ரல் சுவிட்ச், வேக சென்சார், த்ராட்டில் சென்சார். நியூட்ரல் சுவிட்ச் கொஞ்சம் திரும்பி மாட்டப்பட்டிருந்தால் நீங்கள் டிரைவில் இருக்கும்போது கணினி 2 என்று நினைத்துக்கொள்ளும்.

எஞ்சின் சூடாகாவிட்டாலும் ஓவர்டிரைவ் வராது. கூலன்ட் ஏறத்தாழ 50–60 டிகிரிக்கு வரும்வரை கணினி அதை அனுமதிக்காது; மாடலுக்கு மாடல் மாறும். வெயில் ஊர்களில் "சூடேறக் கூடாது" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் உண்டு. அந்த வண்டி நெடுஞ்சாலையில் காற்றடித்துக் குளிர்ந்துபோய் ஓவர்டிரைவ் இல்லாமலேயே ஓடும். கியர்பாக்ஸ்மேல் ஒரு குற்றமும் இருக்காது.

நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது

கிளட்ச் மிதிக்காமல் மேனுவல் வண்டியை நிறுத்தியது போல் அணைந்தால் லாக்கப் விடவில்லை. லாக்கப் ரிலே வால்வ் சிக்கியிருக்கும் அல்லது அதன் சொலினாய்டு. வால்வ் பாடி வேலை மட்டும்தான்.

சில நூறு கிலோமீட்டர் அருமையாக ஓடி, பிறகு வழுக்குகிறது

இதுதான் மனதை உடைப்பது. வேலை சரியாகச் செய்தவருக்கும் வரும். முதல் சந்தேகம் கூலர். பழைய கியர்பாக்ஸ் உடைந்தபோது வந்த இரும்புத் துகளும் தட்டுத் தூளும் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரில் தங்கியிருக்கும். புதுக் கியர்பாக்ஸை ஏற்றியதும் அது திரும்பி வால்வ் பாடிக்குள் வரும், அல்லது ஓட்டத்தை அடைத்துச் சூட்டை ஏற்றும்.

ஆயில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஆகியிருந்தால் ரேடியேட்டருக்குள் கூலர் வெடித்துக் கூலன்ட் கலந்திருக்கிறது. 4ரன்னர், பிராடோ வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான பயம். தட்டில் இருக்கும் காகிதத்தின் பசையைக் கூலன்ட் கெடுத்துவிடும். ஆயிலை மாற்றினால் மட்டும் மீளாது. தட்டுகளையும் ரேடியேட்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கூலர் நலமா என்று பார்க்க, திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு எஞ்சினை ஐடிலில் ஓட்டுங்கள். 20 விநாடியில் ஏறத்தாழ 1 லிட்டர் வர வேண்டும். கியர்பாக்ஸ் காயாமல் இருக்க, ஆயிலை அந்த நேரத்தில் மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் அடுத்த கியர்பாக்ஸை ஏற்றும் முன் கூலரை மாற்றுங்கள்.